விடைக்குறிப்பு

நாற்பத்தொரு விடைத்தாள்.
நெய்யூரில் மழை, கறண்டு போய் ஒரு மணி நேரம்.
எமர்ஜென்சி விளக்கின் மஞ்சளில்
ஆதாம் முதல் அணுகுண்டு வரை
ஐம்பது மதிப்பெண்ணுக்கு அடுக்கி வைத்திருக்கிறேன்.

பாடத்தின் பெயர் தாளாளர் வைத்தது:
உலக சரித்திரத்தில் கர்த்தரின் கரம்.
வெள்ளிக்கிழமை, கடைசிப் பீரியட்,
ஆசிட் விட்ட ரப்பர் பால்போல
பிள்ளைகள் உறைந்து போகும் நேரம்.

அரசாங்கப் புத்தகத்தில் பொ.ஆ. என்றிருப்பதை
கி.பி. என்று திருத்திக்கொள்ளச் சொன்னேன்.
அபிஷா எழும்பினாள்.
"இயேசு பொறந்தது கி.மு. நாலுன்னு ஒரு எடத்துல கெடக்கு.
அவரு பொறக்கதுக்கு முன்னயே பொறந்தாரா டீச்சரே?"
வகுப்பு சிரித்தது.
பழைய கணக்குப் பிழை என்றேன்.
வேறு எதிலெல்லாம் பிழை என்று அவள் கேட்கவில்லை.
அந்தமட்டும் ஸ்தோத்திரம்.

இப்போது சிவப்புப் பேனா.

ரோமாபுரி விழுந்ததற்குக் காரணம் ஐந்து.
எல்லோரும் ஐந்தும் எழுதியிருக்கிறார்கள்.
பெர்ஜின் மட்டும் ஆறாவதாகக் "குடி" சேர்த்திருக்கிறான்.
அவன் அப்பாவை எனக்குத் தெரியும்.
அரை மதிப்பெண் கூட்டிப் போட்டேன்.

அடிமை வியாபாரத்தை ஒழித்த விசுவாசிகளைப் பற்றி
பக்கம் பக்கமாக.
கப்பலை ஓட்டினவனும்
ஞாயிற்றுக்கிழமை முழங்கால் படியிட்டவன்தானே என்பதற்கு
கேள்வித்தாளில் இடமில்லை.
கேள்வித்தாள் தயாரித்தது நான்.

குளச்சல் சகாய ஆன்றோ
கேட்காத கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறான்:
"எங்க கடப்புறத்தில் டச்சுக்காரன் தோத்தான்.
எங்க ஆளுகள் துடுப்பைத் தோளில் வச்சு
பட்டாளம்போல வரிசையா நின்னாங்க.
டச்சுக்காரனும் வேதக்காரன். ராஜா வேதக்காரன் இல்லை.
அன்னைக்குக் கர்த்தரின் கரம் எங்க இருந்தது?
துடுப்பிலயா?"
பாடத்திட்டத்துக்கு வெளியே என்று ஓரத்தில் எழுதினேன்.
எழுதியதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் கேள்வி. சிலுவைப் போர்கள். பத்து மதிப்பெண்.

அந்தப் பாடம் நடத்திய அன்று
வரைபடத்தைப் பார்த்தே பேசினேன்,
கம்பை எருசலேமில் ஊன்றிக்கொண்டு.
மூன்றாம் பெஞ்சில் அஸ்கர் மீரான்,
தக்கலையிலிருந்து பஸ் ஏறி வருகிற பையன்,
தலை குனிந்து நோட்டு எடுத்துக்கொண்டிருந்தான்.

எருசலேம் எவ்வளவு தூரம் என்று யாரோ கேட்டார்கள்.
கடல் தாண்டி, பாலைவனம் தாண்டி என்றேன்.
மண்டைக்காடு இங்கிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம்.
எண்பத்திரண்டில் நான் நாலாம் வகுப்பு.
பள்ளிக்கூடம் பல நாள் பூட்டிக் கிடந்தது.
திறந்த அன்று வாய்ப்பாடு சொல்ல வைத்தார்கள்.
பூட்டினதற்குக் காரணம் எந்த சாரும் சொல்லவில்லை.
பிறகு நானும் டீச்சராகி,
நானும் சொல்லவில்லை.

அஸ்கரின் கையெழுத்து அச்சு மாதிரி.
தலைப்புக்கு அடிக்கோடு, ஆண்டுகள் சரி,
போப்பின் பெயரில் ஒற்றுப் பிழைகூட இல்லை.
மூன்றாம் பத்தியில்,
"கடும் முற்றுகைக்குப் பின்
நம் படைகள் பரிசுத்த நகரத்தை மீட்டன."

நம்.

விடைக்குறிப்பைப் புரட்டினேன்.
இருக்கிறது.
என் கையெழுத்து, என் நீல மை,
எப்போது எழுதினேன் என்றுகூட ஞாபகமில்லாத சொல்.
ஒரு எழுத்தும் மாறாமல்
அவன் எனக்குத் திருப்பித் தந்திருக்கிறான்.

வேண்டுமென்றே எழுதினானா?
மார்க் போகக்கூடாது என்று எழுதினானா?
வட்டமிட்டுக் கேள்விக்குறி போட்டால்
பிழை அவனுடையதாகிவிடும்.

பத்துக்குப் பத்து போட்டேன்.

பிறகு என் நோட்டை எடுத்து
அந்தச் சொல்லை மட்டும் அடித்தேன்,
ஒரு தடவை, திரும்ப ஒரு தடவை,
தாள் கிழிகிற வரைக்கும்.

மழை விட்டிருந்தது.
ஆஸ்பத்திரிப் பக்கம் கறண்டு வந்துவிட்டது, இங்கே இன்னும் இல்லை.
பன்னிரண்டு விடைத்தாள் பாக்கி.
எல்லாரும் நல்லாப் படிக்கிற பிள்ளைகள்.
எல்லாவற்றிலும் அது இருக்கும்.